வரிக்கு இவ்வளவு

ரோமில் எங்களுக்குக் கூலி வரிக்கணக்கில்.
ஐம்பது எழுத்து ஒரு வரி.
முப்பத்தொரு வருடமாக
அவள் வாய் திறந்தால்தான் எனக்கு வாடகை.

அவளை நேரில் பார்த்ததில்லை.
கடலுக்கு அப்பால் யாரோ ஒருத்தி.
திரையில் ஆங்கிலத்தில் அழுவாள்,
இருட்டில் நின்றபடி அதை நான் இத்தாலியனில் அழுவேன்.
முதல் படத்தில் அவளுக்கு இருபத்தெட்டு,
எனக்கு முப்பத்திரண்டு.
நான்கு வயதை எச்சிலோடு விழுங்கிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் பேசிக் குவித்தாள்.
வழக்காடினாள், பொய் சொன்னாள்,
ஒரு படத்தில் ரயிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
பேசிக்கொண்டே ஓடினாள்.
எழுநூறு வரி.
என் சமையலறை ஜன்னல் அந்த ஓட்டத்தில் வந்தது.

ஐம்பது தாண்டியதும் கதை எழுதுகிறவர்கள்
அவள் வாயிலிருந்து வரிகளை உருவத் தொடங்கினார்கள்.
நீதிபதி ஆனாள்: "அமைதி", இரண்டு தடவை.
நாயகனின் அம்மா ஆனாள்: தொலைபேசியில் ஒரே காட்சி.
போன வருடம் ஆறாவது நிமிடத்திலேயே பிணம்.
நல்லவேளை, பழைய நினைவுகள் நான்கு இருந்தன.

என் பக்கமும் சேதம் உண்டு.
நாற்பத்தொன்பதில் குரல் ஒரு படி இறங்கியது,
பாக்கி வைத்துவிட்டுக் காலிசெய்யும் குடித்தனக்காரன் போல
சொல்லாமல் கொள்ளாமல்.
புதிதாகக் கட்டிய பல்லில் சகரம் சீட்டியடித்தது.
மைக்குக்கு எல்லாம் கேட்கும்:
முழங்கால் சொடுக்கு,
மதியம் தின்ற பீன்ஸ் புரண்டு படுப்பது.

பையில் எப்போதும் அதிமதுரக் குச்சி.
பத்து மணிக்கு முன்னால்
எந்த இளம்பெண்ணும் என் தொண்டையில் கண்விழிக்க மாட்டாள்,
அதனால் காலையில் சூனியக்காரிகளை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.
ஆமையாக இருந்திருக்கிறேன்.
ஆஸ்பத்திரி லிஃப்ட்டாக.
வலிமாத்திரை விளம்பரத்தின் கடைசியில்
மூச்சுவிடாமல் எச்சரிப்பவளாக.
சந்தைக் காட்சியின் பன்னிரண்டு பேரில்
மீன் விலை கேட்கிறவள் நான்தான்.

நேற்று அவளுடைய புதுப் படம்.
இரண்டேகால் மணி நேரம். பதினேழு வரி.
கடைசிக்கு முந்தின காட்சி:
வேலையைவிட்டு அனுப்பப்பட்டவள்
காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
நான்கு நிமிடம். சொல்லே கிடையாது.

"இங்கே அவளுடைய மூச்சையே விட்டுவிடலாம், எர்சிலியா.
மூச்சுக்கு என்ன மொழி?" என்றான் நேவியோ
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

இருக்கிறது.
இழுத்து அவள் நிறுத்துகிற இடத்தில்
ஒரு சொல் உதடுவரை வந்து திரும்பிப் போகிறது.
எங்கள் மொழியில் அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் நீளம்.
திரும்பிப் போகவும் கூடுதல் நேரம் வேண்டும்.

முதல் தடவை நடித்துவிட்டேன்.
இரண்டாம் தடவை பீன்ஸ்.
மூன்றில், அவள் ஸ்டீரிங்கை விட்டபோது
நான் மேசை விளிம்பை விட்டிருந்தேன்.
மூக்கு வழியே ஏதோ வந்தது,
காய்ந்த காகிதம் போல, கொஞ்சம் அசிங்கமாக.
நேவியோ பேசவில்லை. அடுத்த சுருளைப் போட்டான்.

கணக்குப் பிரிவில் திருமதி குவராந்தா:
"பதினேழு."
"மூச்சு?"
"மூச்சில் எழுத்து ஏது?"
விதிப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்.
சிரிப்பு இருந்தது. இருமல், முனகல் இருந்தன.
மூச்சு இல்லை.
விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினாள்.
"பெருமூச்சு இருக்கிறது," என்றாள்.
"ஐந்து என்று போடட்டுமா?"
"ஏழு."
"ஆறு."
கையெழுத்துப் போட்டேன்.

எட்டாம் எண் டிராமில் நின்றுகொண்டே வந்தேன்.
அவளுக்கு நீண்ட ஆயுள் வேண்டும்.
பேச விடாவிட்டால் போகிறது,
முகத்தை அருகில் காட்டட்டும்.

வீடு நான்காம் மாடி.
மூன்றில் நின்றேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.
இழுத்து, நிறுத்தி, விட்டு.
நல்ல பதிவு.
கூலி கிடையாது.